அத்தியாயம் 6: வேலைக்குப் போவதற்காக நீங்கள் செய்யும் செலவு

உதவித்தொகை வாங்கிக்கொண்டே வேலைக்குப் போகத் தொடங்குகிற பலரும் முதல் மாதமே ஒரு கணக்கைத் தவறாகப் போட்டுவிடுகிறார்கள். வரிபோகக் கைக்கு வந்த தொகையைப் பார்த்து, ‘வரம்புக்குள்தானே இருக்கிறோம்’ என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் பார்ப்பது கைக்கு வந்ததை அல்ல, வரி பிடிப்பதற்கு முந்தைய முழுச் சம்பளத்தை. அந்த முழுச் சம்பளத்திலிருந்து நீங்கள் சட்டப்படி கழித்துக்கொள்ளக்கூடிய ஒரு தொகை இருக்கிறது. அதை நீங்கள் சொல்லாமல் அலுவலகத்துக்குத் தெரியாது. முதலாளி அனுப்பும் சம்பள விவரத்தில் நீங்கள் டாக்சிக்குக் கொடுத்த காசு இருக்காது, காலையில் குளிப்பாட்டி உடைமாற்றி விடுகிறவருக்குக் கொடுத்த கூலி இருக்காது, மாத்திரைக்குக் கட்டிய கோ-பே இருக்காது.

இந்தக் கழிவுக்கு அலுவலகத்தில் வழங்கும் பெயர் ஐ.ஆர்.டபிள்யூ.ஈ. தமிழில் ‘உடல்நிலை சார்ந்த வேலைச் செலவு’ என்று சொல்லலாம். மனநிலை சார்ந்த நோய்களும் இதில் அடக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

1980 ஜூன் மாதம் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட திருத்தச் சட்டத்தில் வந்த ஏற்பாடு இது. அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தின் ஒரு வரி மிக முக்கியம்: அந்த உதவியோ பொருளோ உங்கள் அன்றாட வாழ்க்கைக்கும் தேவைப்பட்டால்கூட அதைக் கழிக்கலாம். சக்கர நாற்காலி வேலைக்குப் போகாதவருக்கும் வேண்டும். வலிப்புக்கான மாத்திரையை ஞாயிற்றுக்கிழமையும் விழுங்கித்தான் ஆகவேண்டும். ‘இது எப்படியும் ஆகிற செலவுதானே, இதைப் போய் எப்படிக் கேட்பது’ என்று தயங்குகிறவர்களுக்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது. தயங்காதீர்கள்.

ஒரு டாலர் கூடினால் என்ன ஆகும்

எஸ்.எஸ்.டி.ஐ., அதாவது முன்பு வேலை செய்து சோஷியல் செக்யூரிட்டி வரி கட்டியவர்களுக்கான மாற்றுத்திறனாளி உதவித்தொகை, வாங்குகிறவர்களுக்கு ஒரு மாத வரம்பு உண்டு. அலுவலகத்தார் அதை எஸ்.ஜி.ஏ. என்பார்கள். 2025இல் அது 1,620 டாலர். சட்டப்படி பார்வையற்றவர்களுக்கு 2,700 டாலர். 2024இல் 1,550 ஆக இருந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் மாறக்கூடியது, ஆகவே இந்த அத்தியாயத்தில் நான் 2025இன் எண்களையே வைத்துக் கணக்குப் போடுகிறேன். நீங்கள் உங்கள் ஆண்டின் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வரம்பு சரிவு அல்ல, செங்குத்தான விளிம்பு. வரம்பைத் தாண்டினால் கூடுதலாகச் சம்பாதித்த அளவுக்குத்தான் உதவித்தொகை குறையும் என்று நினைக்க வேண்டாம். மாதம் 1,400 டாலர் காசோலை வருகிறவருக்கு அந்த 1,400உம் அப்படியே நின்றுவிடும். அதனால்தான் நூறு, இருநூறு டாலர் கழிவுகூட இங்கே பெரிய விஷயமாகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு பெண், மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ். அலுவலக வேலையில் மாதம் 1,900 டாலர் முழுச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் வரம்புக்கு மேல் 280 டாலர். ஆனால் அவரால் பஸ் நிறுத்தம் வரை நடக்க முடியாது; மாற்றுத்திறனாளிகளுக்கான வேன் சேவைக்கு நாளுக்கு 8 டாலர் வீதம் 20 நாளுக்கு 160 டாலர் கொடுக்கிறார். காலையில் ஒருவர் வந்து ஒரு மணி நேரம் உதவுகிறார். மணிக்கு 18 டாலர், 20 வேலைநாள், 360 டாலர். மருந்துக்கு அவர் கையிலிருந்து போவது 65. கத்தீட்டர், பேட் போன்றவற்றுக்கு 40. மொத்தம் 625. 1,900இல் 625 போக 1,275. இந்தப் பெண் வரம்புக்கு நன்றாகவே கீழே இருக்கிறார். அவருடைய காசோலை நிற்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த நான்கு வரிகளை அவர் எழுதிக் கொடுத்திருந்தால்.

ஆனால் இந்தக் கழிவு எல்லா மாதத்துக்கும் பயன்படாது. எஸ்.எஸ்.டி.ஐ.யில் முதலில் வருவது ஒன்பது மாத வேலைப் பரீட்சைக் காலம். அறுபது மாதத்துக்குள் எந்த ஒன்பது மாதமாகவும் அது இருக்கலாம், தொடர்ந்து வரவேண்டியதில்லை. 2025இல் 1,160 டாலருக்கு மேல் சம்பாதித்த மாதம் பரீட்சை மாதமாகக் கணக்காகும். அந்த மாதங்களில் எவ்வளவு சம்பாதித்தாலும் முழு உதவித்தொகை வரும். ஆகவே அங்கே ஐ.ஆர்.டபிள்யூ.ஈ.யைக் கழிக்க மாட்டார்கள். ‘நான் 200 டாலர் செலவு காட்டினேனே, பிறகும் ஏன் இதைப் பரீட்சை மாதமாக எண்ணினார்கள்?’ என்று கேட்டு யாரிடமும் கோபப்பட வேண்டாம், விதியே அப்படி. ஒன்பதும் முடிந்த பின் வரும் 36 மாதங்கள்தான் இந்தக் கழிவுக்கு உண்மையான களம். அந்தக் காலத்தில் முதல்முறை வரம்பைத் தாண்டிய மாதத்துக்கும் அடுத்த இரண்டு மாதங்களுக்கும் பணம் வரும். அதன்பின் வரம்புக்குள் இருக்கும் மாதங்களில் மட்டும், புதிதாக விண்ணப்பிக்காமலேயே காசோலை வரும். ஒவ்வொரு மாதமும் தனித்தனியாக எடை போடப்படுகிறது என்பதால், ஒவ்வொரு மாதத்து ரசீதுக்கும் அங்கே விலை உண்டு.

இன்னொன்று. முதன்முதலாக விண்ணப்பம் போடுகிறபோதே சிறு வேலை ஏதாவது செய்துகொண்டிருக்கிறீர்களா? அப்போதும் வரம்புக்கு மேல் இருக்கிறீர்களா என்று பார்க்கும்போது இந்தச் செலவைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ‘வேலை செய்கிறீர்கள், ஆகவே தகுதி இல்லை’ என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள்.

எது கழியும், எது கழியாது

அலுவலகம் கேட்பது சில கேள்விகள்தான். இந்தச் செலவு இல்லாமல் உங்களால் வேலை செய்ய முடியுமா? இது உங்கள் நோய் அல்லது குறைபாட்டால் வந்ததா? உங்கள் பணத்திலிருந்து கொடுத்தீர்களா, வேறு யாரும் திருப்பித் தரவில்லையே? அந்த ஊரில் நடப்பு விலைதானா? வேலை செய்த மாதத்துச் செலவுதானா?

இரண்டாவது கேள்வியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், அதிலும் போக்குவரத்தில். அமெரிக்கப் புறநகர்கள் பலவற்றில் பஸ்ஸே கிடையாது. பெரும்பாலோர் காரில்தான் போகிறார்கள். ‘பஸ் இல்லை, அதனால் டாக்சியில் போகிறேன்’ என்று எழுதினால் கழிவு கிடைக்காது, ஏனென்றால் அது ஊரின் குறை, உங்கள் உடல்நிலையின் விளைவு அல்ல. ‘என் நோயால் பஸ்ஸில் ஏறவோ நின்று பயணிக்கவோ முடியாது, அதனால் டாக்சியில் போகிறேன்’ என்பதுதான் காரணம். உண்மையில் உங்கள் நிலை அதுவாக இருந்தால் அதையே எழுதுங்கள். காரில் கையால் இயக்கும் பிரேக், சக்கர நாற்காலி ஏற்றும் லிஃப்ட் போன்றவற்றைப் பொருத்திய செலவு கழியும், அந்தக் காரில் கடைக்குப் போனாலும் சரி. காரின் விலை கழியாது. வேலைக்குப் போய்வரும் தூரத்துக்கு மைல் கணக்கில் ஒரு விகிதம் உண்டு, ஆனால் அதற்கும் உடல்நிலையே காரணமாக இருக்க வேண்டும்.

உதவியாளர் விஷயத்தில் வேலை நாளையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குக் கிளம்ப உதவுவது, கூட வந்து விடுவது, வேலையிடத்தில் சாப்பிடவோ கழிவறைக்குப் போகவோ உதவுவது, மாலை திரும்பியதும் உடை மாற்ற உதவுவது எல்லாம் கழியும். காது கேளாதவருக்குச் சைகைமொழி பெயர்ப்பவர், கண் தெரியாதவருக்குப் படித்துக்காட்டுபவர், வேலையிடத்தில் கூட இருந்து பழக்கிவிடும் ஜாப் கோச் ஆகியோருக்குக் கொடுப்பதும் அப்படியே. சனிக்கிழமை அதே உதவியாளர் வந்தால் அன்றைய கூலி கழியாது. அவர் வீட்டைப் பெருக்கித் துடைத்த நேரம் கழியாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தாலும் கழியாது.

நம் குடும்பங்களில் இங்கே ஒரு தனிச் சிக்கல். பெரும்பாலும் உதவியாளர் அம்மாதான், அல்லது மனைவி, அல்லது அண்ணி. அவர்களுக்கு மாதம் ஒரு தொகை கொடுத்துக் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் நிறைய. குடும்பத்தார் ஒருவர் உங்களைக் கவனிப்பதற்காகத் தன் வேலையை விட்டிருந்தால் அல்லது வேலை நேரத்தைக் குறைத்து வருமானம் இழந்திருந்தால், அவருக்கு நீங்கள் உண்மையாகவே கொடுக்கும் பணம் கழியும். ஏற்கெனவே வீட்டில் இருக்கிற அம்மாவுக்குக் கொடுப்பது கழியாது. அம்மாவின் உழைப்பை மதிக்காத விதி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் விதி அதுதான், அதை மீறிக் கணக்குக் காட்டினால் பின்னால் வரும் வினை உங்களுக்குத்தான்.

அடுத்தது, பணம் யாருடையது என்ற கேள்வி. தம்பியின் கிரெடிட் கார்டில் சக்கர நாற்காலி வாங்கி, ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டிருந்தால் அது தம்பியின் செலவு. உங்கள் கார்டில், உங்கள் காசோலையில், அல்லது உங்கள் கையிலிருந்து ரொக்கமாகப் போயிருக்க வேண்டும். நண்பர் வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறார், பதிலுக்கு வாரம் ஒருநாள் வீட்டுச் சாப்பாடு கொடுத்து அனுப்புகிறீர்கள். நல்ல மனசு, ஆனால் கழிவு இல்லை. பொருளாகக் கொடுப்பதை அலுவலகம் எண்ணாது. மெடிகேர், மெடிகெய்ட், தனியார் காப்பீடு, முதலாளி, தொழில் மறுவாழ்வுத் துறை எது திருப்பித் தந்தாலும் அந்தப் பகுதியைக் கழிக்க முடியாது. நீங்கள் கட்டிய கோ-பே மட்டும் உங்களுடையது.

மருந்து, மருத்துவம் பற்றி: உங்கள் நோயைக் கட்டுப்பாட்டில் வைக்கும் மருந்தும் சிகிச்சையும் கழியும். வருடாந்தப் பொதுப் பரிசோதனை, நோயோடு சம்பந்தமில்லாத பல் வைத்தியம், சாதாரணக் கண்ணாடி கழியாது. செயற்கைக் கால், சுவாசக் கருவி, முதுகுப் பட்டை, டயாலிசிஸ் சாதனம், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள், பிரெய்ல் கருவி, வழிகாட்டி நாய், அந்த நாயின் தீனியும் கால்நடை மருத்துவர் செலவும்கூட, கழியும். வெளியில் போய் வேலை செய்கிறவர் வீட்டு வாசலில் சாய்தளம் போட்டால் கழியும். வீட்டுக்குள் செய்த மாற்றம் பொதுவாகக் கழியாது. வீட்டிலிருந்தே சொந்தத் தொழில் செய்கிறவருக்கு இது மாறும்: அவர் வேலை செய்யும் அறைக்கான மாற்றம் கழியலாம். ஆனால் தொழில் செலவாக ஏற்கெனவே கழித்ததை மறுபடி இங்கே கழிக்க முடியாது.

இப்போது முன்பு தள்ளிவைத்த விஷயம். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவதை, தெரபிஸ்டிடம் போவதை, பேட் உபயோகிப்பதை ஒரு தாளில் எழுதி அதிகாரியிடம் கொடுக்க நம்மவர்களுக்குக் கூச்சம். நான் படிவம் நிரப்பித் தர உட்கார்ந்த இடங்களிலெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். டாக்சி ரசீதை மேசைமேல் வைப்பார்கள். மருந்துக்கடை ரசீதைப் பையிலேயே வைத்திருப்பார்கள். கணவருக்கே தெரியாமல் மாத்திரை வாங்குகிறவர்கள் உண்டு. உங்கள் ரகசியம் என்னோடு இருக்கட்டும் என்று நான் சொல்லலாம். அதைவிட முக்கியமாக, உங்கள் நோய் என்ன என்று அந்த அலுவலகத்துக்கு ஏற்கெனவே தெரியும். அந்த நோயின் பேரில்தான் உதவித்தொகையே வருகிறது. அதற்கான மருந்தை மறைத்து நீங்கள் காப்பாற்றப்போவது எதுவும் இல்லை, காசோலையைத்தான் பணயம் வைக்கிறீர்கள்.

பெரிய செலவை எப்படிப் பிரிப்பது

நீடித்து உழைக்கும் பொருளை வாங்கினால், முழுத் தொகையையும் கொடுத்த மாதத்திலேயே கழிக்கலாம். அல்லது பன்னிரண்டு மாதத்துக்குச் சமமாகப் பிரிக்கலாம். முடிவு உங்களுடையது, கொஞ்சம் யோசித்து எடுங்கள். காப்பீடு போக 2,400 டாலர் கொடுத்து மின்சாரச் சக்கர நாற்காலி வாங்கியிருக்கிறீர்கள், மாதம் தவறாமல் 1,800 சம்பளம். பிரித்தால் மாதம் 200. பன்னிரண்டு மாதமும் 1,600 ஆகிவிடும், வரம்புக்குள். ஒரே மாதத்தில் கழித்தால் அந்த ஒரு மாதம் மட்டுமே பிழைக்கும், மீதிப் பதினொன்றும் போய்விடும். வேலையில் சேர்வதற்கு முந்தைய பதினோரு மாதத்துக்குள் வாங்கிய பொருளையும் விட்டுவிடாதீர்கள்: பன்னிரண்டாகப் பிரித்து, வேலை செய்யும் மாதங்களுக்கு விழும் பங்கைக் கழிக்கலாம்.

எஸ்.எஸ்.ஐ. கணக்கு வேறு

வருமானமும் சேமிப்பும் குறைந்தவர்களுக்கான எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகையில் விளிம்பு இல்லை, சரிவுதான். சம்பளத்திலிருந்து முதலில் 20 டாலர், பிறகு 65 டாலர், பிறகு உங்கள் ஐ.ஆர்.டபிள்யூ.ஈ., மிஞ்சியதில் பாதி: இந்த வரிசையில் கழித்து வருவதை உதவித்தொகையிலிருந்து குறைப்பார்கள். மாதச் சம்பளம் 1,085 என்றால், 20உம் 65உம் போக 1,000. செலவு 200 காட்டினால் 800, பாதி 400. 2025இல் தனிநபருக்கான மத்திய அரசுத் தொகை 967. அதில் 400 போக 567 டாலர் வரும். செலவு காட்டாவிட்டால் 467தான். ஆக, 200 டாலர் செலவில் 100 டாலர் திரும்பி வருகிறது. சில மாநிலங்கள் தங்கள் பங்கும் சேர்த்துத் தருவதால் உங்கள் தொகை வேறாக இருக்கலாம்.

பார்வையற்ற நிலையில் எஸ்.எஸ்.ஐ. வாங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. அவர்களுக்குத் தனியாக ஒரு வேலைச் செலவுக் கழிவு உண்டு. பாதியாக்கிய பின் கழிப்பதால் 200 டாலர் செலவுக்கு 200 டாலரும் திரும்பி வரும். அது பார்வைக் குறைபாட்டோடு சம்பந்தப்பட்டிருக்க வேண்டிய அவசியமும் இல்லை: சம்பளத்தில் பிடிக்கும் வரி, வேலையிடத்து மதிய உணவு, பஸ் கட்டணம் எல்லாம் சேரும். இதை அறியாமல் வருடக்கணக்கில் குறைந்த தொகை வாங்குகிறவர்கள் இருக்கலாம் என்பதே எனக்குக் கவலை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர் அப்படி இருந்தால் இந்தப் பத்தியை அவருக்குப் படித்துக்காட்டுங்கள். எஸ்.எஸ்.டி.ஐ. மட்டும் வாங்கும் பார்வையற்றவர்களுக்கு இது கிடையாது, அவர்களுக்கு ஐ.ஆர்.டபிள்யூ.ஈ.தான்.

வருமான வரியிலும் இதே பெயரில் ஒரு கழிவு உண்டு. அது வரித்துறையின் விஷயம், விதிகள் தனி, படிவம் தனி. ஒன்றில் ஏற்றுக்கொண்டார்கள் என்பதால் மற்றதிலும் ஏற்பார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரசீது, கடிதம்

மாதத்துக்கு ஓர் உறை போதும். உறையின் மேல் மாதத்தை எழுதுங்கள். உள்ளே அந்த மாதத்துச் சம்பளச் சீட்டு, ரசீதுகள், ரத்தான காசோலையின் நகல் அல்லது கார்டு விவரம். மருந்துக்கடையில் கேட்டால் வருடம் முழுவதும் நீங்கள் கட்டியதை ஒரே தாளில் அச்சிட்டுத் தருவார்கள். உதவியாளருக்கு ரொக்கம் கொடுத்தால் தேதி, நேரம், தொகை எழுதி ஒவ்வொரு முறையும் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், அடுத்த வருடம் அதே கையெழுத்தைத் தேடி அவர் வீட்டுக் கதவைத் தட்டுவது அதைவிடச் சங்கடம். டாக்சி ரசீது அச்சு மங்கிப்போகும், வாங்கிய அன்றே படம் பிடித்துவிடுங்கள்.

ரசீது எவ்வளவு என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. ஏன் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ‘இவருக்குப் போக்குவரத்து உதவி தேவை’ என்ற ஒற்றை வரிக் கடிதத்தால் பிரயோஜனம் குறைவு. நோயின் பெயர், அதனால் எது செய்ய முடியவில்லை, எந்தப் பொருள் அல்லது சேவை தேவை, அது இருந்தால்தான் வேலைக்குப் போக முடியும் என்ற நான்கும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். மருத்துவருக்கு இந்த விதி தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. நான்கு குறிப்பையும் ஒரு தாளில் எழுதி நீங்களே கொண்டுபோங்கள்.

வேலையைப் பற்றி அலுவலகம் கேட்டு அனுப்பும் படிவம், சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களுக்கு எஸ்.எஸ்.ஏ. 821, சொந்தத் தொழிலுக்கு எஸ்.எஸ்.ஏ. 820. இரண்டிலும் இந்தச் செலவைக் கேட்கும் பகுதி இருக்கிறது. அதை வெறுமையாக விட்டுவிட்டால், செலவே இல்லை என்று சொன்னதாகிவிடும். ஆங்கிலம் தடையாக இருந்தால் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், கட்டணம் கிடையாது. பன்னிரண்டு வயது மகனை மொழிபெயர்க்க உட்காரவைத்து, அப்பாவின் சிறுநீர்ப் பையைப் பற்றிப் பேசவைக்காதீர்கள். வேலைக்கும் உதவித்தொகைக்கும் இடையிலான கணக்கைப் போட்டுத் தரவென்றே டபிள்யூ.ஐ.பி.ஏ. என்ற இலவச ஆலோசனைத் திட்டம் மாநிலந்தோறும் இருக்கிறது. 1-866-968-7842 என்ற எண்ணில் கேட்டால் உங்கள் பகுதிக்கு உரியவரைச் சொல்வார்கள்.

பழைய மாதங்களுக்கு

இதைப் படிக்கிறபோதே சிலருடைய கையில் ஒரு கடிதம் இருக்கும்: ‘உங்களுக்குக் கூடுதலாகப் பணம் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கட்டுங்கள்.’ ஆயிரக்கணக்கில் தொகை போட்டிருக்கும். வீட்டில் யாரும் அன்று சரியாகச் சாப்பிட மாட்டார்கள். உடனே காசோலை எழுதிவிடாதீர்கள். அந்த மாதங்களில் உங்கள் செலவைக் கழித்துப் பார்த்தார்களா என்று முதலில் பாருங்கள். கழிக்கவில்லை என்றால், ரசீதுகளைத் திரட்டி, எஸ்.எஸ்.ஏ. 561 என்ற படிவத்தில் மறுபரிசீலனை கேளுங்கள். கடிதம் கைக்கு வந்ததிலிருந்து 60 நாள் அவகாசம். கடிதத்தின் தேதிக்கு ஐந்து நாள் கழித்து அது உங்களுக்கு வந்து சேர்ந்ததாக எண்ணிக்கொள்வார்கள். பழைய ரசீது இல்லையே என்றால் மருந்துக்கடையும் வங்கியும் வேன் சேவையும் பழைய விவரத்தை மறுபடி தர முடியும். கடிதம் வந்த உறையையும் குப்பையில் போடாதீர்கள். அதில் அஞ்சல் முத்திரை இருக்கிறது.